இராவணன் தரும் உறுதி

திருகோணமலையில் இருந்துகொண்டு வில்லன்களை வெறுக்கும்படி இளைஞர்களுக்கு உபதேசம் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, மலை பிளந்து கடலை நோக்கி இறங்கும் அந்த இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். அந்தப் பிளவுக்கு எங்கள் முன்னோர் யாருடைய பெயரை வைத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதை இராமன் வெட்டு என்று யாரும் சொல்வதில்லை. அது இராவணன் வெட்டு.

இதை எழுதத் தூண்டியது சில காலமாக இந்த நகரில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு முறைப்பாடு. பரிசளிப்பு விழா மேடையில் கேட்கிறேன். ஆலய மண்டபப் பிரசங்கத்தில் கேட்கிறேன். பத்திரிகைக்கு எழுதப்படும் கடிதங்களிலும் வாசிக்கிறேன். இளைஞர்கள் கணினி விளையாட்டுகளில் வரும் வில்லன்களைக் கொண்டாடுகிறார்களாம். அந்த முகங்களைக் கைத்தொலைபேசித் திரையிலும் மேற்சட்டையிலும் போட்டுக்கொள்கிறார்களாம். நாயகனை விட்டுவிட்டு அவனுடைய எதிரியைத் தங்களுக்கு முன்மாதிரி என்று சொல்கிறார்களாம். ஆகவே சமுதாயம் சீரழிந்துவிட்டதாம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் வந்த எனக்கு இந்தப் புலம்பலின் இராகம் நன்றாகப் பழகியது. சினிமாவைப் பற்றி இதைத்தான் சொன்னார்கள். வீடியோ கடைகள் வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். இப்போது சொல்லப்படுவது புதிய பாடல் அன்று. பழைய பாடலுக்குப் புதிய பக்கவாத்தியம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையான ஒரு வில்லனிடமிருந்து ஓர் இளைஞன் மனவுறுதி பெறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு சிலர். கற்பனையான வில்லனை வரலாற்றுப் பாட்டனாக்கி, அவன் பெயரில் காணி கேட்கும் பெரியவர்கள் அவர்கள். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர்களே முதலாவதைக் கண்டு பதறி, இரண்டாவதைக் கண்டு கைதட்டுகிறார்கள்.

முதலில் எங்கள் மரபைப் பார்ப்போம். தாய் வழிபடுவதற்காக இந்த மலையைப் பெயர்த்துச் செல்ல இராவணன் வாளால் வெட்டினான் என்பது இவ்வூர்க் கதை. இறந்த தாய்க்கு அவன் ஈமக்கடன் செய்தபோது ஏழு இடங்களில் வெந்நீர் பீறிட்டது என்பது கன்னியாவின் கதை. இந்த ஊர்ச் சைவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தாய் தந்தையருக்கான அந்தியேட்டிக் கிரியைகளை அந்த ஏழு கிணறுகளின் அருகில் செய்து வந்திருக்கிறார்கள். பிறன்மனை கவர்ந்தவன் என்று காவியம் பழித்த ஒருவனைத் தாய்க்கடன் தீர்ப்பதில் முன்னுதாரணமாகக் கொண்ட ஊர் இது.

இது நாட்டார் கதை மட்டுமே என்று ஒதுக்க முடியாது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எட்டாவது பாடல் இராவணனுக்கு உரியது. கயிலையைத் தூக்க முயன்று, சிவனின் கால்விரலால் நசுங்கி, பின் இசை பாடி அருள்பெற்ற கதையைச் சம்பந்தர் தலம் தலமாகச் சொல்லிச் சென்றார். குற்றமும் தண்டனையும் அருளும் ஒரே பாடலுக்குள் அடக்கம். தேவாரம் ஓதும் குழந்தை இராவணனை ஓதாமல் வளர்ந்ததில்லை.

கூத்தைப் பாருங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு வடமோடி மரபைப் படித்த மேடைக்குக் கொண்டுவந்தபோது அரங்கேறிய புகழ்பெற்ற ஆக்கங்களில் ஒன்று 'இராவணேசன்'. அதன் நடுநாயகம் இராவணன். பின்னர் பேராசிரியர் சி. மௌனகுரு அதை மீண்டும் மீண்டும் மெருகேற்றி மேடையேற்றினார். அந்த ஆட்டத்தைப் பார்த்து மெய்சிலிர்த்தவர்கள் எவரும் மறுநாள் பெண்களைக் கடத்தப் புறப்படவில்லை.

சூரன் போரைப் பாருங்கள். கந்தசஷ்டியின் இறுதி நாளில் முருகனைக் காவ ஆள் கிடைத்துவிடும். ஆனால் சூரனைக் காவ அடிபாடு நடக்கும். ஊரின் திடமான இளைஞர்கள் எல்லோரும் சூரன் பக்கம்தான். தலை மாற மாற அவனைத் தோளில் தூக்கி ஆட்டி, சுழற்றி, வீதியை அதிரவைப்பதில் இருக்கும் உற்சாகம் மறுபக்கத்தில் இல்லை. இதைப் பார்த்து ஐயர் பதறுவதில்லை. தர்மகர்த்தா சபை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. சூரன் வலுவாக ஆடினால்தான் திருவிழா சிறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கணினித் திரையில் ஒருவன் அதே வேலையைச் செய்தால் மட்டும் ஏன் இந்தப் பதற்றம்?

கணினி விளையாட்டைக் கண்ணால் பாராமலே கண்டிப்பவர்களுக்காக அதன் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். திரைப்படத்தில் வில்லனை நாம் நாற்காலியில் இருந்து பார்க்கிறோம். அவனை வெல்வது வேறொருவர் வேலை. விளையாட்டில் அவனை நாமே எதிர்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரும் பகைவன் காத்திருப்பான். பிள்ளைகள் அவனை 'பாஸ்' என்பார்கள். அவனிடம் முதல் தரம் தோற்பீர்கள்; பத்தாம் தரமும் தோற்பீர்கள். அவன் கையசைவை, காலடியை, அவன் மூச்சு வாங்கும் இடைவெளியைப் படித்தால்தான் வெல்ல முடியும். நாயகனைப் பற்றி விளையாடுபவன் அறிவது கொஞ்சம். பகைவனைப் பற்றி அவன் அறிவது ஏராளம். பலநாள் எதிர்நின்று படித்தவன் மீது மதிப்பு வருவது இயற்கை. போர்க்களத்தில் பகைவனின் ஆற்றலை மதிப்பது தமிழ்ப் புறத்திணை அறியாத ஒன்றல்ல.

எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கும் ஓர் இளைஞனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளை. 2006இல் அந்தப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவனுக்கு ஐந்து வயது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வளர்ந்து, பதினான்கு வயதில் ஊர் திரும்பினான். இப்போது துறைமுகப் பக்கம் வேலை. இரவில் பழைய கணினி ஒன்றில் விளையாடுகிறான். அவனுக்குப் பிடித்தவள் 2022இல் வெளிவந்த 'எல்டன் ரிங்' என்ற விளையாட்டின் மலேனியா. பிறவியிலேயே உடலை அழுக வைக்கும் நோய் அவளுக்கு. ஒரு கை செயற்கைக் கை. ஆனாலும் தோல்வியே அறியாதவள் என்ற பெருமையோடு எதிரில் நிற்பவள். அந்த விளையாட்டில் வெல்ல மிகக் கடினமானவர்களில் ஒருத்தி.

"அவளிட்ட என்னடா கண்டாய்?" என்றேன்.

"மாமா, ஹீரோவுக்கு எல்லாரும் உதவி செய்யினம். அவள் தனிய நிக்கிறாள். நான் நாற்பது தரம் தோத்தன். ஒவ்வொரு தரமும் அவள் அப்பிடியே தான் நிண்டவள். நான்தான் மாறினன்."

சிறிது நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னான். "எங்களை ஆர் மாமா ஹீரோவா நடத்தினது? பஸ்ஸால இறக்கி லைனில விடேக்க எங்களை வில்லனாத்தானே பாத்தவை."

இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் மேடைப் பேச்சாளர்கள் கேட்க வேண்டும். வில்லன் என்ற சொல் எங்கள் பிள்ளைகளுக்குத் திரையிலிருந்து வந்து சேரவில்லை. சோதனைச் சாவடியில், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்களிலிருந்து வந்தது.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை இந்த நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. இறந்த பிள்ளைகளை ஒரே வாக்கியத்தில் வில்லன்களாக்கினார்கள். சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் வெளிவந்தபோது, தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருப்பதை நாடே பார்த்தது. ஜனவரி 24ஆம் திகதி காலை சுகிர்தராஜன் இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் போதிய சான்றில்லை என்று 2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

இந்த வரிசையில் யார் நாயகன், யார் வில்லன் என்று அந்தப் பரிசளிப்பு விழா மேடையில் நின்று விளக்கத் துணிவு உண்டா? ஒரு தரப்பின் மாவீரன் மறுதரப்பின் பயங்கரவாதி. மறுதரப்பின் ரணவிரு இந்தத் தரப்பின் கொலையாளி. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த ஒரு பிள்ளை, 'நாயகன்' என்று எழுதி ஒட்டப்பட்ட உருவத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறான் என்றால், அவன் புத்திசாலி. தன்மேல் பிறர் ஒட்டிய 'வில்லன்' என்ற சீட்டைத் தானே கையில் எடுத்து, 'ஆம், வில்லன்தான், ஆனால் நிமிர்ந்து நிற்கும் வில்லன்' என்று ஒரு மாலைப்பொழுது விளையாடிப் பார்க்கிறான் என்றால், அது அவனுக்குக் கிடைத்த மருந்து. பழிச்சொல்லைப் பிடுங்கிப் பட்டமாக அணிவது பலவீனர்கள் உலகெங்கும் கையாண்ட வழி.

இந்த விளையாட்டுகளில் தீமையே இல்லை என்று நான் வாதிடவில்லை. கண் கெடுகிறது, தூக்கம் கெடுகிறது, பரீட்சை கெடுகிறது, சிலர் தந்தையின் சம்பளத்தையும் கரைக்கிறார்கள். இவற்றைப் பற்றிப் பேசுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன். ஆனால் வில்லனை விரும்பினால் வில்லனாவான் என்ற வாதம் சூரனைக் காவியவன் அசுரனாவான் என்ற வாதத்துக்குச் சமம்.

எங்கள் பக்கத்தில் 'உறுதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நெஞ்சுரம். மற்றது காணிப் பத்திரம். வில்லனிடமிருந்து முதலாவதைப் பெறலாம். இரண்டாவதைப் பெற முயலும்போதுதான் நாசம் தொடங்குகிறது. அதைச் செய்பவர்கள் இளைஞர்கள் அல்லர்.

2019ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதி விண்ணில் விடப்பட்டது. பெயர் 'இராவணா-1'. அதே ஆண்டு கட்டுநாயக்காவில் ஒரு மாநாடு கூடி, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் விமானம் ஓட்டிய முதல் மனிதன் இராவணன் என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், இராவணனைப் பற்றிய ஆவணங்கள் இருந்தால் தருமாறு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. மகாநாம தேரரின் மகாவம்சம் இலங்கையின் கதையைப் புத்தரின் வருகையோடும் விஜயனின் வருகையோடும் தொடங்குகிறது. அதில் இடம்பெறாத இராவணன், பிக்குகள் முன்னிலை வகித்த 'இராவண பலய' போன்ற அமைப்புகளின் வழியாகத் திடீரென்று சிங்கள மன்னனானான்.

அதே 2019 ஜூலையில் கன்னியாவில் என்ன நடந்தது? வெந்நீர்க் கிணறுகளின் அருகில் பிள்ளையார் கோயில் அத்திவாரம் இருந்த இடத்தில் தாதுகோபம் எழுப்பும் முயற்சியை எதிர்த்து 16ஆம் திகதி வழிபடச் சென்ற தமிழ் மக்கள் தடுக்கப்பட்டார்கள். ஒரு பக்கம் இராவணனுக்கு விண்வெளியில் இடம். மறுபக்கம் இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இந்த ஊர் மக்கள் தங்கள் தாய்க்குக் கடன் செய்யத் தடை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ கூட இருக்கவில்லை. இந்த மாகாணத்தின் பெரும்பான்மையினர் தமிழ் பேசுபவர்கள் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை.

இதற்கு எங்கள் ஆட்கள் அளித்த பதில் என்ன? 'இராவணன் சிங்களவன் அல்லன், தமிழன். ஆகவே இலங்கை முழுதும் எங்களுடையது' என்று முழங்கினார்கள். பொய்க் காணி உறுதிக்கு எதிராக இன்னொரு பொய் உறுதி. இராவணனின் இனத்தை நிறுவ நூல், அவன் அரண்மனையைக் காட்ட வரைபடம், அவன் விமானம் இறங்கிய திடல் என்று ஒரு தொழிலே நடக்கிறது. வான்மீகியின் கற்பனையிலும் கம்பனின் கவிதையிலும் வாழும் ஒருவனை நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அவன் முதல் குறுக்கு விசாரணையிலேயே விழுந்துவிடுவான். அவனோடு சேர்ந்து எங்கள் உண்மையான வழக்கும் விழும்.

தமிழகத்தை உதாரணம் காட்டுவார்கள். அதையும் பார்ப்போம். பெரியார் 1930இல் 'இராமாயண பாத்திரங்கள்' எழுதினார். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கியது. 1974 டிசம்பர் 25ஆம் திகதி மணியம்மையார் தலைமையில் பெரியார் திடலில் 'இராவண லீலா' நடந்தது. வடக்கே இராவணனை எரிப்பதற்குப் பதிலாக இங்கே இராமன் உருவம் எரிக்கப்பட்டது. அங்கும் இராவணனைத் திராவிட மூதாதை என்று பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த இயக்கத்தின் வலு எதில் இருந்தது? யாரை வில்லன் என்று எழுதுகிறீர்கள், எழுதும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது என்ற கேள்வியில் இருந்தது. காவியத்துக்குக் காவியத்தால் பதில் சொன்னார்கள். வருணத்தின் பெயரால் நடந்த அநீதியை அந்தக் கதையைக் கொண்டு அம்பலப்படுத்தினார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள். மூதாதையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த நோயை நான் கண்டதிலேயே தெளிவாக விளக்கும் கதை எந்தப் புராணத்திலும் இல்லை. இவர்கள் பழிக்கும் கணினி விளையாட்டிலேதான் இருக்கிறது. 1997இல் ஜப்பானில் வெளிவந்த 'பைனல் ஃபேன்டசி' வரிசையின் ஏழாவது விளையாட்டு அது. அதன் வில்லன் செபிரோத். நீண்ட வெள்ளி முடி, மிக நீண்ட வாள்; உலகெங்கும் இளைஞர்களின் சுவர்களில் தொங்கும் முகம்.

செபிரோத் தொடக்கத்தில் புகழ்பெற்ற போர்வீரன். ஒரு மலைக் கிராமத்து மாளிகையின் நிலவறையில் பழைய ஆய்வேடுகள் அவன் கையில் கிடைக்கின்றன. நாட்கணக்கில் வெளியே வராமல் வாசிக்கிறான். வாசித்து ஒரு முடிவுக்கு வருகிறான்: இந்த உலகம் ஒரு தொன்மையான இனத்துக்குச் சொந்தமானது, அந்த இனத்தின் கடைசி வாரிசு நான், இங்கே வாழும் மற்றவர்கள் எல்லோரும் துரோகிகளின் சந்ததி. நிலவறையிலிருந்து வெளியே வந்து அந்தக் கிராமத்தைக் கொளுத்துகிறான். கதையின் உண்மையான அடி பின்னர்தான் விழுகிறது. அவன் அந்தத் தொன்மையான இனத்தைச் சேர்ந்தவனே அல்லன். அவன் நம்பிய ஏடு பிழை. தன் தாய் என்று அவன் கருதிய உயிரி அந்த இனத்தை அழித்த பேரிடர். அவனோ ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட ஒரு பரிசோதனையின் விளைவு.

பிழையான ஏட்டை வாசித்து, தொன்மையான வாரிசு என்று தன்னை நம்பி, அயலவனைத் துரோகி என்று முடிவுகட்டி ஊரைக் கொளுத்தியவன். இவனை எங்கள் நாட்டில் இருதரப்பிலும் எத்தனை மேடைகளில் பார்த்திருக்கிறோம்! அந்த விளையாட்டை விளையாடி முடித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த உண்மை தெரியும். செபிரோத்தின் கம்பீரத்தை அவன் விரும்புவான். செபிரோத்தின் வம்சாவளியை நம்ப மாட்டான். கலாநிதிப் பட்டம் பெற்ற பெரியவர்களுக்கு இது தெரியவில்லை.

இதே வரிசையின் பதினான்காவது விளையாட்டில், 2015இல் வெளியான பகுதியில், இராவணனே வருகிறான். நான்கு வாள்களோடு ஆடும் போர்க்கடவுள். ஒரு பூச்சியினம் தன் வேண்டுதலால் அவனை வரவழைக்கிறது. அந்த விளையாட்டின் உலகில் இப்படி வரவழைக்கப்படும் தெய்வங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: அச்சத்தாலும் ஆற்றாமையாலும் எந்த இனம் அவற்றை அழைக்கிறதோ, அந்த இனத்தையே அவை தம் அடிமைகளாக்கிவிடும். ஜப்பானியருக்கு எங்கள் அரசியல் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். விளையாடும் பிள்ளை தன் வில்லனின் குற்றத்தை மறைப்பதில்லை. செபிரோத் ஊரைக் கொளுத்தியதை அவன் கண்ணாலேயே பார்த்தவன். இராவணனைப் பாட்டனாக்கியவர்களோ அவனைக் கழுவித் துடைத்துப் புனிதனாக்கிவிட்டார்கள். 'அவன் சீதையைத் தொடவில்லை' என்று பெருமை வேறு. ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்று சிறைவைத்ததைக் கண்ணியத்துக்கு உதாரணமாக்கும் பேச்சை எங்கள் பெண்பிள்ளைகள் முன்னால் எப்படிப் பேச முடிகிறது? பாட்டன் என்றானபின் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது. வில்லன் என்று ஒப்புக்கொண்டால் இசையையும் வீரத்தையும் பக்தியையும் வியக்கலாம்; கடத்தலைக் கண்டிக்கலாம்; ஓர் ஆற்றல்மிக்க மனிதன் எந்த இடத்தில் வழுக்கினான் என்று கற்கலாம். குற்றமற்ற இராவணனிடம் கற்க ஒன்றுமில்லை. கம்பன் அறிந்திருந்த இந்த உண்மையைக் கட்சிப் பேச்சாளர்கள் மறந்துவிட்டார்கள்.

மேலும், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருப்பவர்கள் முஸ்லிம்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் பல தலைமுறைகளாக வாழும் அந்த மக்களுக்கு உங்கள் இராவணன் எந்த உறவு? இராவணன் சிங்களவனா தமிழனா என்ற சண்டையில் எந்தப் பக்கம் வென்றாலும் அவர்கள் வீட்டு முற்றம் அந்நியமாகிவிடும். பாட்டனைத் தேடும் அரசியல் எப்போதும் இப்படித்தான் முடியும். அயலவனைத் துரோகியின் சந்ததி என்று எழுதும் ஏடு ஒன்று கடைசியில் கிடைத்துவிடும்.

அப்படியானால் காணியை எதைக் கொண்டு மீட்பது என்று கேட்பீர்கள். எதைக் கொண்டு மீட்டார்களோ அதைக் கொண்டுதான். சம்பூரில் 818 ஏக்கர் காணியை முதலீட்டுக்கென ஒதுக்கிய வர்த்தமானி அறிவிப்பு 2015இல் இரத்துச் செய்யப்பட்டு மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் முகாமில் கிடந்தவர்கள் கையெழுத்திட்டும் வழக்காடியும் வீதியில் இருந்தும் பெற்ற பயன் அது. மூடப்பட்ட கிணறும் இடிந்த சுவரும் தென்னை நின்ற வரிசையும் அவர்களுக்குச் சாட்சியாக நின்றன. கன்னியாவில் 2019 ஜூலையில் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது திருகோணமலை மேல் நீதிமன்றம். அங்கே எடுபட்டது கோயிலின் உரித்தும் வழிபாட்டு வழக்கமும். இராவணனின் சாதகக் குறிப்பை யாரும் கேட்கவில்லை. கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டினார்கள் என்பதற்கு வரலாற்றுச் சான்று இருக்கிறது. சம்பந்தரின் பதிகம் இருக்கிறது. மெய்யான சான்று இவ்வளவு இருக்கும்போது ஐயாயிரம் ஆண்டுப் பொய் எதற்கு? பொய்யைச் சேர்த்தால் மெய்யும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்பது செய்தி மேசையில் முதல் வாரம் கற்கும் பாடம்.

சுகிர்தராஜன் அந்த ஐந்து பிள்ளைகளையும் நாயகர்களாக்க முயலவில்லை. காயம் எங்கே இருக்கிறது என்று படம் எடுத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு சான்று ஒரு பெரிய பொய்யை உடைத்தது. உயிரைக் கொடுத்து அவர் விட்டுச் சென்ற பாடத்தை மறந்து, விமானம் ஓட்டிய இராவணனைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, பெரியவர்களே, பிள்ளைகளின் சுவரில் தொங்கும் அந்த வில்லன் முகங்களை விட்டுவிடுங்கள். அடையாளமே ஆபத்தாயிருந்த ஊரில் வளர்ந்தவர்கள் அவர்கள். தனித்து நிற்பவனின் நெஞ்சுரத்தை ஏதோ ஒரு கற்பனை முகத்தில் கண்டு, மறுநாள் வேலைக்கும் படிப்புக்கும் போகிறார்கள். நாற்பது தரம் தோற்றும் நாற்பத்தோராம் தரம் எழுந்தவனுக்கு நீங்கள் மேடையிலிருந்து விடாமுயற்சி கற்பிக்க வேண்டியதில்லை.

சூரன் போர் முடிந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மாமரமாய் நின்றவன் இரண்டாகப் பிளக்கிறான். ஒரு பாதி மயில், மறுபாதி சேவல். பகைவனின் வலிமை வாகனமாகவும் கொடியாகவும் மாறிவிடுகிறது. அதன்பின் அவனைக் காவிய இளைஞர்கள் சூரனை இறக்கிவைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நான் சூரனின் பேரன், கோயில் காணியை என் பெயருக்கு எழுது என்று எவனும் கேட்டதாக நான் செய்தி எழுதியதில்லை.

இறக்கிவைக்கத் தெரியாதவர்கள் பாராளுமன்றத்திலும் மேடைகளிலும் திணைக்களங்களிலும் இருக்கிறார்கள். கண்டிக்க வேண்டுமானால் அவர்களைக் கண்டியுங்கள்.